குடிக்க ஒரு கேன், புழங்க ஒரு கேன்

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு... இந்த வாரமும் வராமல் போயிருக்கும். ஆவடிக்கு முழுசாக வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

குஜராத் பக்கம் ஒரு பாலைவனச் சரணாலயம். காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடும் இடம். அங்கே கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்று கிளம்பினோம் — நான், என் மனைவி சுமதி, எதிர் ஃபிளாட் பாபு. பாபு ஆவடியை ஒட்டிய சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஃபேக்டரியில் வடநாட்டுக்காரர்களோடு வேலை பார்ப்பதால் இந்தி வரும். வாடகை ஜீப்பை ஓட்டியதும் அவர்தான்.

வாசலில் வனக்காவலர் எங்கள் பெயரையும் திரும்பும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை பத்து மணி. உள்ளே சிக்னலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இரண்டு கேன் ஏற்றச் சொன்னார். ஏற்றினோம்.

இங்கேதான் நம் ஏரியா புத்தி வேலை செய்தது. குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க போர் தண்ணீர் — அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் கை தானாகப் பிரித்துவிடும். ஒரு கேனைக் குடிக்க வைத்தோம், மற்றதைப் புழங்க வைத்தோம். இரண்டும் ஒரே தண்ணீர் என்பது மூன்று பேருக்கும் தோன்றவேயில்லை.

பாபு குக்கரை மூன்று தடவை அலசினார். நான் வந்து போகும்போதெல்லாம் கால் கழுவினேன். சுமதி காலையில் கூடாரத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலமே போட்டாள். கழுதைகள் ரசிக்கவா என்று கேட்டேன். முறைத்தாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரம்தான்.

"இன்னா சார், வண்டி உள்ள போய்கினே கீது" என்றார் பாபு.

மேலே அப்பளம் மாதிரிக் காய்ந்த உப்பு மண். உடைந்தால் அடியில் சேறு. தள்ளினோம். டயருக்கு அடியில் வைக்க ஒரு கல் கிடைக்குமா? பாயை வைத்தோம். பாயும் உள்ளே போனது. பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. புழங்கும் கேன் காலி. குடிக்கும் கேனில் மூன்று டம்ளர்தான் தேறும்.

ஜீப் நிழலில் ஒண்டியபடி சுமதி மெதுவாகச் சொன்னாள்: "நான் தெளிச்ச தண்ணி இருந்திருந்தா இன்னிக்குப் பூரா ஓட்டியிருக்கலாங்க."

"உடுங்க அண்ணி. குக்கர் கய்வுனது அத்த விட ஜாஸ்தி" என்றார் பாபு.

கால் கழுவியதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோயிருந்தேன். ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவளிடம் சரியாகச் சொல்லிவிட்டுக்கூட வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடைசி டம்ளரை மூன்றாகப் பங்கிட்டோம். ஒரு மணி இருக்கும்... தூரத்தில் தூசி தெரிந்தது. நோட்டில் எழுதிய நேரம் தாண்டியும் ஆளைக் காணோமே என்று காவலர் தேடிக்கொண்டு வந்திருந்தார். ஒரு முழுக் கேனோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வயிறு முட்டக் குடித்தோம். பாபுவின் கைகளில் முழங்கை வரை சேறு. அதைப் பார்த்த காவலர் கேனைச் சாய்த்து, கழுவிக்கொள்ளச் சொன்னார். பாபு சட்டென்று கைகளைப் பின்னால் இழுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"வாணாம் சார்" என்றார் என்னிடம். "அது குடிக்கிற தண்ணி."

ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்தேன். போர் தண்ணீர் கொட்டியது. பக்கெட்டை மஞ்சளாக்கும், முடியைக் கொட்டவைக்கும் அதே தண்ணீர். நான் திட்டாத நாளே கிடையாது. ஒரு கை ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தேன்.

உப்புதான்... இருக்கட்டும், வருகிறதே.