டீசல் முள் இறங்கிய வாரம்

படகுத்துறையில் எல்லோரும் அவரைச் சுக்கான்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு நிழல் பார்த்து இடம் கொடுப்பார்; மூடுபனி இறங்கிவிட்டால் யார் எவ்வளவு அவசரம் சொன்னாலும் கயிற்றை அவிழ்க்க விடமாட்டார். நியாயமான மனிதர் என்று பேர். அந்தப் பேர் அவருக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

படகில் அவருக்குத் துணை ஒரே ஆள், மனைவியின் தம்பி. கயிறு கட்டுவது, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பது, சாயங்காலம் டீசல் நிரப்புவது எல்லாம் மச்சான் பொறுப்பு. வாய் ஓயாது. யாராவது முண்டியடித்தால், "அவசரப்படாதீங்க, ஆறுதான் ஓடுது, அக்கரை ஓடலை" என்பான். தினமும் கேட்டாலும் சிரிப்பார்கள்.

அந்த வாரம் டீசல் கேஜ் சொன்ன கதை வேறாக இருந்தது. டேங்க் நிரப்பியாச்சு என்று மச்சான் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போவான். காலையில் சாவியைத் திருப்பினால் முள் பாதிக்குக் கீழே நிற்கும். டேங்க் படகின் தரைப் பலகைக்கு அடியில் இருந்தது; நிரப்பும் குழாய் வளைந்து போவதால் குச்சி விட்டுப் பார்க்கவும் வழியில்லை. சுக்கான்காரர் மச்சானிடம் எதுவும் கேட்கவில்லை. மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார். மச்சான் ஒரு லாரி டிரைவரோடு துறை வாசலில் நின்று பேசியது ஞாபகம் வந்தது. டீசலை அவனுக்கு விற்கிறான் என்று நினைக்க அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காலை படகு நிறைய ஆள். முள் கால்வாசியில் நின்றது.

"டேய், டீசல் எங்க போச்சு?"

"எங்க போகும் மாமா? ஃபுல்லாத்தானே ஊத்தி வச்சேன்."

"அப்ப டேங்க் குடிச்சிடுச்சா? உன் லாரிக்காரனைக் கேட்டா தெரியுமோ?"

படகில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் வரும் நர்ஸம்மா குனிந்து தன் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். மச்சான் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தான். கரையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவரே டீசல் ஊற்றினார். முள் காட்டியபடி என்றால் கேன் கேனாகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது கேனிலேயே பொங்கி வழிந்தது. ஒருவேளை அவன் சொன்னது நிஜமோ என்று அப்போதே தோன்றியது. இருந்தாலும் மூடியைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் பூட்டு அப்படியே இருந்தது. முள் கால்வாசியில் நின்றது.

மெக்கானிக்குக்கு போன் போட்டார். "கேஜை மாத்திடாதீங்க, முதல்ல ஒயரைப் பாருங்க. டேங்க் பக்கம் நீங்க இருங்க, முள்ளைப் பாக்க ஒரு ஆள் வேணும்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, படகு ஓடாத நாள். கூப்பிட மனைவியைத் தவிர யாரும் இல்லை. அவளிடம் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் அவள் காதுக்கு எல்லாம் வந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் வந்து கேஜ் முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் பலகையைத் தூக்கி, டேங்க் மேலிருந்து கேஜுக்குப் போகும் ஒயரைக் கழற்றினார்.

"முள்ளு கீழ விழுந்துடுச்சு."

அந்த ஒயரைச் சுத்தமான உலோகத்தில் தொட்டுப் பிடித்தார்.

"மேல ஏறிடுச்சு. ஃபுல்."

அப்படியென்றால் கேஜும் நல்லது, ஒயரும் நல்லது. திருகாணிகளைக் கழற்றி, டேங்க்குக்குள் டீசலோடு ஏறி இறங்கும் மிதவையை வெளியே எடுத்தார். ஓட்டை வழியாக டார்ச் அடித்தார். விளிம்பு வரை டீசல், அசையாமல் நின்றது. எர்த் ஒயரைத் தொட்டதும் பச்சைக் களிம்பு பிடித்த முனை பொலபொலவென்று கையோடு வந்துவிட்டது. முள் குறைத்துக் காட்டியது அதனால்தான். போன மழைக்காலத்தில் நல்ல திருகாணி தேட அலுத்துப்போய், கிடைத்த துருப்பிடித்த ஒன்றை வைத்து முடுக்கியது அவரேதான்.

தேய்த்துச் சுத்தம் செய்து, புது முனை போட்டு இறுக்கினார். மிதவையைத் திரும்ப உள்ளே இறக்கி மாட்டினார்; முள் எங்கே என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ஃபுல்லுங்க." கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் தம்பி ஊத்தினது எல்லாம் அதுலயேதான் இருந்துச்சு, இல்ல?"

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. பலகைக்கு அடியிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

மத்தியானமே மச்சான் வீட்டுக்குப் போனார். அவர் சொன்னதை அவன் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டா. எர்த் ஒயர் போயிருந்துச்சு."

"சரி மாமா. இதை ஆளில்லாத இடத்துல வந்து சொல்றீங்க. அதை மட்டும் படகு நிறைய ஆளை வச்சுக்கிட்டுக் கேட்டீங்களே."

திங்கட்கிழமை காலை படகு நிறைந்ததும் இன்ஜினை அணைத்தார். எழுந்து நின்றார். காது சூடாகியது. "என் மச்சான் டீசல் எடுக்கலை. கேஜ்தான் தப்பாக் காட்டுச்சு. அதோட ஒயரைக் கெடுத்தது நான்தான்." பின்னாலிருந்து ஒருவர், "சரிங்க, எடுங்க, பஸ் போயிடும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சுக்கான்காரருக்கு அதுவும் சுட்டது.

மச்சானிடம் நர்ஸம்மாதான் படகில் அவர் பேசியதைச் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து அவன் வந்து, எதுவும் நடக்காதது போலக் கயிற்றை அவிழ்த்தான். ஆனால் சாயங்காலம் கேனை எடுக்கவில்லை.

"டீசல் மட்டும் இனிமே நீங்களே ஊத்திக்குங்க மாமா. அது எனக்கு வேண்டாம்."

இப்போதும் பங்க்கில் கேனோடு வரிசையில் நிற்பது அவர்தான். "ஏன், மச்சான் வரலையா?" என்று யாராவது கேட்டால், "படகுல இருக்கான்" என்பார். கேனைக் காலால் தள்ளி வரிசையில் முன்னே நகர்வார்.