ஒரு வருடத்துக்கு வந்த டொக்டர்

மெல்பேர்னில் என் கர்ப்பத்தைப் பார்த்த டொக்டர் டெக்லன் அயர்லாந்துக்காரர். ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு "கிராண்ட்" என்பார். பிள்ளை மிகப் பெரிது என்கிறாராக்கும் என்று நினைத்து, என் கணவர் ஆறு மாதக் குழந்தைக்கான சட்டைகளாகவே வாங்கிக் குவித்தார். அயர்லாந்தில் அந்தச் சொல்லுக்கு 'எல்லாம் நலம்' என்றுதான் பொருளாம். வாங்கிய பிறகே தெரிந்தது.

டொக்டர் அதிகம் பேசுகிறவரல்ல. நான் பயந்தபோது மட்டும் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வார். கடைசித் தம்பியைப் பெற்ற அன்று அவருடைய தாய் இரத்தம் நிற்காமல் இறந்துபோனாராம். பயத்தைப் போக்கும் கதையல்ல. ஆனாலும் இந்த மனிதர் என்னைச் சாக விடமாட்டார் என்று அன்று நம்பினேன். மகப்பேற்று மருத்துவம் படித்து, அனுபவத்துக்காக ஒரு வருடம் என்று இங்கே வந்தவர். நான் சந்தித்தபோது முப்பது வருடமாகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த நானும், படிப்பு முடிந்ததும் திரும்புவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

வலி கண்ட அன்று பிள்ளையின் இதயத்துடிப்பு விழத் தொடங்கியது. கணவர் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். உடனே சிசேரியன் செய்ய வேண்டும், சம்மதமா என்று இளம் மிட்வைஃப் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிருந்தது. "ஓம்... ஓம்..." என்றேன். நான் தியானம் செய்கிறேன் என்று எண்ணி, அவள் மரியாதையாகக் காத்திருந்தாள்.

டொக்டர் உள்ளே வந்து என் முகத்தருகே குனிந்தார்.

"ஒபரேஷன். ஓமா?"

"ஓம்."

அவர்களுடைய மொழியில் அது 'யெஸ்' என்று மிட்வைஃப்புக்குச் சொல்லிக்கொண்டே அவர் கட்டிலைத் தள்ளினார். எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர்.

மகள் பிறந்தாள். எனக்கு இரத்தம் எளிதில் நிற்கவில்லை. நின்ற பிறகும் டொக்டர் வீட்டுக்குப் போகாமல், என் கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்ததாகக் கணவர் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் அவர் அயர்லாந்துக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த வருடம் இங்கே மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் மீன்கடையில் நின்றார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். பிறந்த வீட்டில் இப்போது அந்தத் தம்பிதான் இருக்கிறாராம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்களாம்.

"விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த புதுத் துவாயைத் தந்தார்கள்," என்றார்.

நான் யாழ்ப்பாணம் போனபோது, எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் அக்காவும் அலுமாரியைத் திறந்து புதுத் துவாய்தான் எடுத்துத் தந்தாள். அதால் முகம் துடைக்க மனம் வராமல், பெட்டியில் கொண்டுபோன மெல்பேர்ன் துவாயையே அங்கே நின்ற நாட்கள் முழுவதும் பாவித்தேன்.