பார்சல் கிராணி கதிரேசுவின் படச் சங்கம்

மலாயாவின் குளுவாங் ரயில் நிலையத்தில் பார்சல் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கதிரேசு, 1934இல், தன் முப்பத்தைந்தாவது வயதில் ஒரு சலனப்படக் கேமரா வாங்கினார். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத் துரை நாற்காலி மேசையோடு சேர்த்து விற்றுவிட்டுப் போனது அது. பக்கவாட்டில் சாவி முடுக்கினால் உள்ளே சுருள் ஓடும். ஒரு சுருள் நாலு நிமிஷம். எடுத்ததைக் கழுவ சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பத்து வருஷமாக, கொட்டகைக்காரர்களின் படப் பெட்டிகளை ரயிலில் ஏற்றி இறக்கியவர் அவர். ஒவ்வொரு பெட்டியையும் தொடும்போது, இதைத் தன்னாலும் செய்ய முடியுமா என்ற நினைப்பு வரும். முதல் சுருளில் சிகாமட் வண்டி வருவதைப் பிடித்தார். கழுவி வந்ததைப் போட்டுப் பார்த்தால் வண்டி நின்றது, பிளாட்பாரம் ஓடியது.

"மாசம் ஒரு சுருள்தான் ஏலும். தனிய நிண்டு படிச்சால் எனக்கு எழுபது வயசாகும்" என்று மனைவி கமலாம்பிகையிடம் குறைப்பட்டார்.

"அப்ப பத்துப் பேராச் சேர்ந்து படியுங்கோவன்" என்றார் கமலாம்பிகை.

கதிரேசு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் கொடுத்தார். பத்துக் கடிதம் வந்தது. ரயில்வே ஊழியர் மன்றக் கூடத்தில் அவர்கள் கூடி, ஜொகூர் சலனப்படச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். சிகாமட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அந்தோனிப்பிள்ளை தலைவர். சர்வே ஆபீசில் வரைபடம் போடும் வைத்தியலிங்கம் உபதலைவர். காரியதரிசி கதிரேசு. தன் கேமராவைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

பஞ்சு அடைத்த மரப்பெட்டியில் கேமரா ரயிலேறியது. திங்கட்கிழமை ஓர் ஊரில் இறங்கும், அடுத்த திங்கள் அடுத்த ஊர். பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. தான் செய்த பிழையை ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு அதில் எழுதியே தீர வேண்டும். 'சூரியனைப் பார்த்துப் பிடித்தேன்.' 'கை நடுங்கியது.' 'மூடியைக் கழற்ற மறந்தேன்.' ஒருவர் விழுந்த பள்ளத்தில் அடுத்தவர் விழவில்லை. ஒரு வருஷத்தில் பதினொரு பேருக்கும் கை பழகிவிட்டது.

ஒன்று மட்டும் யாருக்கும் படியவில்லை. ரப்பர் மரத்தடியில் எடுத்த சுருள் அத்தனையும் கறுப்பாகவே வந்தது.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் காளியம்மா பார்சல் ஜன்னலில் வந்து நின்றார்.

"கிராணி ஐயா, படச் சங்கத்துல சேரணும்."

"ஆரைச் சேர்க்க?"

"என்னியத்தாங்க."

கதிரேசு பேனாவைக் கீழே வைத்தார். "நீ என்னத்தைப் பிடிக்கப் போறாய்?"

"பால் வெட்டறத. சங்கத்துல இருக்கிற எங்க தோட்டத்துக் கிராணி மூணு தடவ எடுத்தாரு. மூணும் இருட்டாப் போச்சாம். எல அடைச்சு நிக்கிறப்ப எடுத்தா வேற எப்படி இருக்கும்? மாசியில எல எல்லாம் கொட்டிரும். அடிமரம் வரைக்கும் வெயில் விழும். அப்ப எடுக்கணுங்க."

படித்த பதினொரு பேருக்கு வராத யோசனை. தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்த காளியம்மா விண்ணப்பத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் அது எடுபடவில்லை. "லயத்து வீட்டில கமெராவை வைக்கிறதோ? கூரை ஒழுகும், பிள்ளையள் விளையாடும்" என்றார் வைத்தியலிங்கம். "இண்டைக்கு ஒருத்தி. நாளைக்குத் தோட்டமே வந்து நிக்கும்" என்றார் அந்தோனிப்பிள்ளை. எல்லோரும் காரியதரிசியைப் பார்த்தார்கள். கதிரேசு தலை குனிந்து, 'தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

கமலாம்பிகை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கதிரேசுவைச் சுட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மாசியில ஒரு கிழமை என்ர முறை வருது. அதைக் காளியம்மாவுக்குக் குடுக்கிறன். கமெரா கெட்டால் நான் பொறுப்பு."

வைத்தியலிங்கம் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை.

மாசியில் கதிரேசுவே பெட்டியைச் சுமந்துகொண்டு ரெங்கம் போனார். லயத்து வாசலில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். காளியம்மா மூன்று நாள் சுருளை ஓட்டவே இல்லை. வேலை முடிந்தபின் கேமராவின் கண்ணாடி வழியாக மரங்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் நாத்தனார் புஷ்பவள்ளி மரத்தில் பால் வெட்ட, தரையில் குப்புறப் படுத்து எடுத்தார்.

கழுவி வந்த சுருளை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. வருஷாந்தரக் கூட்டத்தில் நேராகவே ஓட்டினார்கள்.

மொட்டைக் கிளைகளுக்கு நடுவே திரை முழுக்க வெயில். கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவியது. வெட்டின வழியே வெள்ளைக் கோடு ஒன்று மெதுவாக இறங்கி, மரத்தில் செருகிய தகரத்தின் நுனியில் தயங்கி, மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. பிறகு புஷ்பவள்ளி வாளியைத் தூக்கிக்கொண்டு மர வரிசைக்குள் நடந்தார். புள்ளியாகும்வரை கேமரா அசையவில்லை.



"திருப்பிப் போடுங்கோ" என்றார் வைத்தியலிங்கம். மூன்று தடவை போட்டார்கள். பிறகு அவர் நோட்டுப் புத்தகத்தை வாங்கி உரக்க வாசித்தார்: "சாவியை முழுசும் முடுக்காமல் விட்டேன். கடைசியில் நின்றுபோச்சு. காளியம்மா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இவவைச் சேர்க்க வேணுமெண்டு நான் பிரேரிக்கிறன்" என்றார். ஆமோதித்தது அந்தோனிப்பிள்ளை. கை தூக்காதவர் இல்லை.

கதவோரம் நின்றிருந்த காளியம்மாவிடம் கதிரேசு போனார். "உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ. இனி நீங்களும் சங்கம்."

"சரிங்க" என்றவர் முன்வரிசைக்கே போய் உட்கார்ந்தார்.

அந்தோனிப்பிள்ளை பயந்தது நடந்தது. தோட்டங்கள் வந்து நின்றன. பால் வெட்டுபவர்கள், சிக்னல்காரர், பள்ளி ஆசிரியைகள், கமலாம்பிகை என்று இரண்டு வருஷத்தில் உறுப்பினர் அறுபத்து நாலு, கேமரா மூன்று. சிகாமட்காரர்கள் வெள்ளத்தின்போது மேசைமேல் ஏறி நின்று தங்கள் தெருவைப் படம்பிடித்தார்கள்.

1938இல் எல்லோருடைய சுருள்களையும் ஒட்டி, ஒரு மணி நேரப் படமாக்கி, சிகாமட் திடலில் காட்டினார்கள். எழுநூறு பேர் வந்திருந்தார்கள். உத்தியோகமும் ஊரும் போடாமல், பெயர்கள் மட்டும் அகர வரிசையில் முதலில் வர வேண்டும் என்று கதிரேசு பிடிவாதமாக இருந்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தலைவர் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தோனிப்பிள்ளை, அன்னலட்சுமி, ஐயாசாமி, கதிரேசு, கமலாம்பிகை, காளியப்பன், காளியம்மா. ஒவ்வொரு பெயருக்கும் திடலில் ஒரு மூலை எழுந்து ஆரவாரித்தது. தன் பெயருக்கு ரெங்கம் லயத்துக்காரர்களும் எழுந்ததைப் பார்த்த கதிரேசுவுக்கு, தான் சுழற்றிக்கொண்டிருந்த படம் காட்டும் யந்திரத்தின் பிடியிலிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

அறுபத்து நாலாவது பெயரைச் சொல்லும்போது அந்தோனிப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. படம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.