வெள்ளைப் பூச்சுக்குக் கீழே எங்கள் சிவலை

என் அக்கா ஒரு கலண்டர் படத்தைப் பார்த்துக் கீறினாள் என்று சொன்ன பள்ளிக்கூட மனேச்சரை நான் இன்றைக்கும் முழுதாக மன்னிக்கவில்லை. மனிதர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். என் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புதுக்குடியிருப்புக்குக் கிட்டக் குடியேற்றக் காணியில் வயல் செய்துகொண்டிருந்தோம். அக்காவுக்குப் படம் கீறுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி எங்கள் வீட்டுக்கு நெல் வாங்க வருவார். ஒருமுறை அக்காவின் படங்களைப் பார்த்தவர், கடைக் கலண்டருக்கு ஒன்று கீறித் தரச் சொன்னார். அக்கா சூடடிக்கும் களத்தை மையால் கீறினாள். நெற்கதிருக்கு மேலே சுற்றி நடக்கும் நாலு மாடுகள். முன்னுக்கு நிற்பது எங்கள் செந்நிற எருது சிவலை. அதன் பின்தொடையில் ஒரு வட்டமும் அதன் கீழே இரண்டு கோடும் போட்டாள். அது எங்கள் வீட்டுக் குறி. வன்னியில் மாடு காணாமற் போனால் நிறத்தைச் சொல்லித் தேடுகிறவன் மாடு இல்லாமல்தான் வீட்டுக்கு வருவான்; சுட்ட குறியைச் சொல்லித்தான் தேடவேண்டும்.

மூலையில் பெயரை எழுது என்று நான் அன்றைக்கே சண்டை பிடித்தேன்.

“பேர் என்னத்துக்கு? மாட்டிலை குறி கிடக்குத்தானே” என்றாள் அக்கா.

முதலாளி படத்தை யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்கு அனுப்பினார். கலண்டர் நிறம் பூசி வந்தது. சிவலையின் தொடையில் குறி இல்லை. மூலையில் யாரோ ஒருவருடைய கையெழுத்து வளைந்து நெளிந்து கிடந்தது. அச்சகத்தில் படம் கீறுகிறவராம். நான் குதித்தேன். அக்கா, போகட்டும் விடு என்று கலண்டரைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டே எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சித்திரம் படிப்பிக்க ஆள் தேடினார்கள். அக்கா அதைவிட வேறொன்றுக்கும் ஆசைப்பட்டதை நான் காணவில்லை. அந்தக் களப் படத்துக்கு முதலில் பென்சிலால் போட்ட மாதிரியைக் கையோடு கொண்டு மனேச்சரிடம் போனாள். அவருடைய கதிரைக்குப் பின்னால் அதே கலண்டர் தொங்கியது. மனேச்சர் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு இரண்டு ஆசிரியர்கள் கேட்கச் சொன்னார்:

“பிள்ளை, கலண்டரைப் பார்த்துக் கீறிப்போட்டுச் சொந்தப் படம் எண்டு கொண்டு வாறது சரியில்லை.”

விடுமுறை முடிவதற்குள் வேறு ஆளை எடுக்கப்போவதாகவும் சொன்னார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற ஊர் எங்களுடையது. பொழுது படுவதற்குள் சந்திக் கடைவரை கதை போய்விட்டது. அக்கா பேனை, மைப்போத்தல் எல்லாவற்றையும் பெட்டியின் அடியில் வைத்து, மேலே பழஞ்சீலைகளை அடுக்கினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் முதலாளியிடம் போனேன். அவர் வெட்கப்பட்டுப் போனார். மூலையில் என்ன கிடந்தது என்று அவர் பார்க்கவே இல்லையாம். வந்து சாட்சி சொல்லுங்கோ என்றேன். தன் வாய்ச்சொல் எடுபடாது, வாடிக்கைக்காரருக்காகப் பொய் சொல்கிறான் என்பார்கள், கீறிய படமே வந்தால்தான் வழி என்றார். படம் அவர் வாங்கியது, அச்சகத்தில் கிடக்கிறது. எடுத்து வர ஒரு துண்டு எழுதித் தந்தார். சீலையின் இழை எண்ணும் சின்னக் கண்ணாடியையும் கையில் வைத்தார். அச்சடித்த படமென்றால் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும், கையால் கீறியதென்றால் கோடு கோடாக இருக்கும், பார்த்து வாங்கு என்றார்.

ஐயாவை, எங்கள் தகப்பனை, இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு படத்துக்காக வயலை விட்டுப்போட்டு வாறனே என்று அவர் வழிநெடுக முணுமுணுத்தார். உடும்பு பிடித்தால் விடுமா? நான் கேளாத மாதிரி இருந்தேன்.

அச்சகத்தில் ஒருவர் பழைய தாள் கட்டைக் கிளறி எடுத்துத் தந்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை, பேனை போன கோடுதான். ஆனால் மூலையில் அந்த வளைந்து நெளிந்த கையெழுத்து மையாலேயே இருந்தது. ஓரங்களில் நீலப் பென்சிலால் கோடுகளும் அங்குலக் கணக்கும். சிவலையின் தொடை வெறுந் தொடை.

“அவையின்ரை கையெழுத்துக் கிடக்கு. இது அவை கீறினது. வா, போவம்” என்றார் ஐயா.

எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அக்காவின் படத்தைப் பார்த்து இவர்கள் வேறொன்று கீறியிருந்தால்? அப்போது அக்கா சொன்ன குறியின் கதை நினைவுக்கு வந்தது. இந்த மாட்டில் குறி இருந்ததே, எங்கே என்று கேட்டேன்.

“மாட்டிலை ஏதோ கிறுக்கல் கிடந்தது. வெள்ளை பூசித் துப்பரவாக்கினனாங்கள்” என்றார் அந்த மனிதர், உதவி செய்தவர் போல.

பட்டணத்து மனிதருக்கு அது கிறுக்கல். நான் தாளை யன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்தேன். பூச்சுக்கு ஊடாக ஒரு வட்டமும் இரண்டு கோடும் மங்கலாகத் தெரிந்தன. பிறகு மூலையைப் பார்த்தேன். கையெழுத்தும் வெள்ளைப் பூச்சின் மேல்தான் இருந்தது. அதற்குக் கீழே அக்கா கீறிய வைக்கோல் அந்தத் தாளின் ஓரம்வரை போயிருந்தது. ஐயா பார்த்தார். திரும்பி வரும்போது படத்தை மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிளேட்டை எடுத்துக்கொண்டு வெள்ளையைச் சுரண்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள். அவ்வளவு நாளும் பேசாமல் கிடந்தவள், அவர்கள் பூசியது அப்படியே கிடக்கட்டும், சுரண்டினால் பிறகு குறி போட்டதென்று சொல்வார்கள் என்றாள். கோபக்காரியான எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நாள் ஐயாவிடம் சிவலையை வண்டியில் பூட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வண்டியை மனேச்சருடைய அறை யன்னலுக்கு நேரே நிறுத்தியது என் வேலை. படத்தை மேசையில் வைத்தேன். இதுவும் கலண்டரைப் பார்த்துக் கீறியதாக இருக்கலாமே என்றார் மனேச்சர். கலண்டர் மாட்டில் குறி உண்டா என்று கேட்டேன். திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். தாளை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினேன். கலண்டரைப் பார்த்துக் கீறினவள் கலண்டரில் இல்லாத குறியை வெள்ளைக்குக் கீழே எப்படிப் போட்டிருப்பாள்? பிறகு, கொஞ்சம் வெளியே பாருங்கோ சேர் என்றேன்.

சிவலை வாலால் ஈ விரட்டிக்கொண்டு நின்றது. தொடையில் வட்டம், இரண்டு கோடு. மனேச்சர் தாளைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“சரி, நம்புறன்” என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா அசையவில்லை.

“நீங்கள் நம்ப வேண்டாம் சேர். ஒரு வெண்கட்டி தாங்கோ.”

பக்கத்து வகுப்பறைக்குப் போனாள். அன்றைக்கு மனேச்சர் சொன்னதைக் கேட்டிருந்த அந்த இரண்டு ஆசிரியர்களும் கதவடியில் வந்து நின்றார்கள். அக்கா வெளியே மாட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு இழுப்பில் முதுகு வந்தது, பிறகு திமில், பிறகு கழுத்துத் தோல் தொங்கும் அந்த மடிப்பு. கரும்பலகையில் எங்கள் சிவலை நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நான் வெயிலில் அலைந்ததெல்லாம் எதற்கு, இந்த ஒரு வெண்கட்டி போதுமாக இருந்ததே! ஆனால் அந்தப் படம் வந்திராவிட்டால் அக்கா வெண்கட்டியைக் கேட்டிருக்க மாட்டாள். பெட்டியின் அடியில் பழஞ்சீலைக்குக் கீழேயே கிடந்திருப்பாள். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. சேருக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியாகத் தொடையில் குறியைப் போட்டாள். வெண்கட்டியை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மாட்டின் காலடியில், பின்வாங்கிலிருந்தும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், தன் முழுப் பெயரையும் எழுதினாள்.