மலேசியாவில் பணம் மாற்றித் தந்தவர்

திருச்செங்கோட்டிலிருந்து எங்களை மலேசியாவுக்குக் கூட்டிப்போன டூர்காரரை நினைத்தாலே எனக்கு இன்றும் வெறுப்புதான். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் தோல் பை. பேசும்போதெல்லாம் அந்தப் பையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

விமானம் இறங்கியதும், "ஏடிஎம் பக்கம் போயிராதீங்க சாமி, தோலை உரிச்சிருவான். எங்கிட்டயே மாத்திக்குங்க" என்றார். எங்களோடு வந்திருந்த, மல்லசமுத்திரத்தில் காட்டுவேலைக்குப் போகும் ஒரு அம்மாள், சேர்த்து வைத்திருந்த ரூபாய் முழுவதையும் அவரிடம் கொடுத்து அந்த நாட்டுப் பணமான ரிங்கிட் வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஹோட்டலுக்கு எதிரே இருந்த ஏடிஎம்மில் என் கார்டைப் போட்டேன். ரூபாய்க் கணக்கில் பிடிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. அப்படிப் பிடித்தால் மாற்று விலையை ஏற்றிவிடுவார்கள் என்பதால் வேண்டாமென்று அழுத்தி, ரிங்கிட் கணக்கிலேயே எடுத்தேன். வங்கிக் கட்டணம் போகவும் டூர்காரர் விலையைவிட எனக்கு மலிவாகத்தான் கிடைத்தது. அவர் அடித்திருந்தது கொள்ளை.

டூர்காரரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "அந்தம்மாகிட்டக்கூடவா இப்படி எடுப்பீங்க?"

அவர் முகம் மாறவே இல்லை. "வெளியூர்க்காரன் எடுத்தா சண்டைக்குப் போவாங்க. நம்மூர்க்காரன் எடுத்தா ஒத்தாசைன்னு நெனைப்பாங்க. தொழிலே அதுதானுங்க."

மறுநாள் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். "கூட வந்தவர நம்பாம, மெசினையா நம்பறதுங்க?" என்று அந்த அம்மாளே என்னை அதட்டினார்.

டூர்காரர் எழுந்து அந்த அம்மாளுக்குத் தன் சன்னலோர இடத்தைக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். அதில் நடிப்பே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.