கேட்டுப் புத்தகம் காப்பாற்றிய வகுப்பு

பிள்ளைகளுக்கு மார்க் போடும் வாத்தியாருக்கும் மார்க் போட ஒருவர் வந்தே தீருவார். அப்படி ஒருவர் முன்னால் வியர்த்து நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மலாயாவின் அவசரகாலத்தில், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள், இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் டவுனில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போனோம். வகுப்பு ஒழுங்காக நடந்தது என்று கல்வி இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டால்தான் எங்களுக்குப் பரீட்சை. இல்லையென்றால் இரண்டு வருஷமும் வீண்.

காலை ஏழு மணிச் சாப்பாடு

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று, ஒரு பிடி சோறுகூட தோட்டத்து முள்வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். வாசல் கேட்டுக் காவலர் காசிம், எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்து தமிழ் பேசும் மலாய்க்காரர். பைகளைத் துழாவி, நாங்கள் போகும் நேரம், வரும் நேரம் எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் எழுதுவார். முதல் சனிக்கிழமையே நானும் சக ஆசிரியை ஞானமணியும் மதியச் சோற்றுப் பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டோம். ஆசிரியர்களை ‘சிக்கு’ என்றே அழைக்கும் அந்த நல்ல மனிதர், பறிக்காமல் பெஞ்சை இழுத்துப் போட்டார்.

“சோறு பையில போகக் கூடாது சிக்கு. வயித்துல போனா நான் கேக்க மாட்டேன் லா!”

முத்து முத்தான கையெழுத்து

வகுப்பின் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. மழையும் சைக்கிள் எண்ணெயும் பட்டு அது பார்க்கச் சகிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் புதுப் புத்தகத்தில் முழுவதையும் அழகாகப் பிரதி எடுத்து, பழையதை அடுப்பில் போட்டேன். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, இது ஒரே மூச்சில் எழுதிய பொய்க்கணக்கு என்று மூடிவிட்டார். பழையதைக் காட்டலாமென்றால் அது சாம்பலாகிவிட்டது. ஞானமணி டீச்சருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“அழகா எழுதி எங்க தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே சார்!”

வெற்றிலைக் கறைப் பக்கங்கள்

திட்டிய டீச்சருக்கே காசிமின் புத்தகம் நினைவுக்கு வந்தது. இன்ஸ்பெக்டரைக் கையோடு தோட்டத்துக்கு அழைத்து வந்தோம். வியர்வையும் வெற்றிலைக் கறையும் படிந்த பக்கங்களில் எங்கள் சனிக்கிழமைகள் அத்தனையும் இருந்தன. ஊரடங்கால் போக முடியாத நாட்களில் நான் போட்டிருந்த ‘வரவில்லை’கூட ஒத்துப்போனது. மற்ற தோட்டங்களின் கேட்டுகளிலும் பார்த்துவிட்டு, வகுப்பை அங்கீகரித்தார். பரீட்சை எழுதி எல்லாரும் தேறினோம். காசிமின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரித்தார்.

“நீங்க வெளிய போனதத்தான் எழுதுனேன் சிக்கு. படிச்சீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எங்களை நம்பாமல் எழுதிவைத்த கறை படிந்த புத்தகத்தால் இன்ஸ்பெக்டரின் நம்பிக்கையைப் பெற்ற வாத்தியார் நான் என்பதால், அதன்பின் எந்தப் பிள்ளை அழுக்கு நோட்டை நீட்டினாலும் திட்டியதே இல்லை.