நூதனசாலைப் படிக்கட்டில் சடையன் அவர்கள்

இதனால் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு மக்கள் யாவருக்கும் அறியத் தருவது யாதெனில், ஐந்தாம் லயத்து வீட்டு வரிசையின் கக்கூஸ் கடந்த இரண்டு தினங்களாகக் கழுவப்படவில்லை. சாக்கடைக் கான்களில் தண்ணீர் ஓடவில்லை. ஈக்கள் மட்டும் மாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றின. மடுல்சீமைப் பக்கம் செய்தித்தாள் ஒரு நாள் பிந்தித்தான் வரும். இந்தச் செய்தி அச்சேறாமலேயே எல்லோர் மூக்குக்கும் நேரத்தோடு வந்து சேர்ந்தது.

காலையில் ஆளுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இதுதான் பேச்சு. பெண்கள் முறையிட்டார்கள். கங்காணியான என் அப்பா, அவனை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று தடியோடு இறங்கினார். போன வேகம் திரும்பி வரும்போது இல்லை. வாசலிலேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"சடையன் செத்துக் கெடக்கான். தண்ணி காய வையி, குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

சடையன் அவர்களுக்கு எங்கள் தோட்டம் ஆற்றிய இரங்கல் உரை இவ்வளவுதான். அதிலும் பாதி வெந்நீரைப் பற்றியது.

ஆகவே மீதியை நான் எழுதுகிறேன். நமது வாலிபர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கிண்டலும் விடுகதையும் எழுதுகிற அதே ஆள்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்ல இனிமேல்தான் வருவார்கள்.

சடையன் அவர்களைத் தெரியாதவர்களுக்கு: அவர் எங்கள் பிரிவின் வாசற்கூட்டி. லயத்து வாசல், கான், கக்கூஸ் எல்லாவற்றையும் கூட்டிக் கழுவுவது அவர் வேலை. தெரிந்தவர்களுக்கு: உங்களுக்கும் அவரைத் தெரியாது. அவர் வந்து போகிற வழி லயங்களுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் பார்த்ததெல்லாம் வாளியை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரை ஐந்து வயதுப் பிள்ளையும் "டேய் சடையா" என்றது. அந்த ஐந்து வயதுக்கும் அவர் "என்னங்க தம்பி" என்றார்.

மனைவி எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகள் பொன்னம்மா. புருஷனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்ததும் அவரோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார். இப்போது கோத்தகிரியில். அங்கேயும் தேயிலைக் கொழுந்துதான் பறிக்கிறார். மகளின் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டியவனும் பதில் எழுதியவனும் நான். பிரிவிலேயே அழகான கையெழுத்து என்னுடையது. இதை நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடச் சுவர்கள் சொல்லும். நான் எங்கள் வீட்டு மேல்படியில் உட்காருவேன். அவர் படிக்குக் கீழே, மண்ணில் குந்துவார்.

போன வருஷம் ஒரு கடிதம் வந்தது. தன் மகன் சின்னவன், தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்கிறானாம், ஒரு படம் அனுப்பச் சொல்லி பொன்னம்மா எழுதியிருந்தார். பதுளை பசாரில் எத்தனையோ ஸ்டூடியோ இருக்கிறதே, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஸ்டூடியோவுல திரைக்கு முன்னாடி நிப்பாட்டுவாங்க தம்பி. அதுல வீடும் பொய்யி, பூந்தோட்டமும் பொய்யி. நான் நெசமான ஒரு எடத்துல நிக்கணும். பேரன் பாத்தா, நம்ம தாத்தா பெரிய எடமெல்லாம் போயி வந்த மனுசன்னு நெனைக்கணும்."

கொஞ்சம் பொறுத்து, "வாளி இல்லாம" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நமது சங்கம் கொழும்புச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்தது. மிருகக்காட்சிசாலை, பழம்பொருள்கள் வைத்திருக்கும் நூதனசாலை, சுதந்திர சதுக்கம். செயலாளர் ராஜு அண்ணன் பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் ஒரு கேமராவும் இரவல் வாங்கியிருந்தார். சடையன் அவர்கள் தாமும் வருவதாகச் சொன்னதும் சங்கக் கூட்டம் சூடு பிடித்தது. வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாம் முற்போக்கு வாலிபர்கள். எங்கே உட்காருவார் என்றுதான் கேட்டார்கள். ஒருவர் டிக்கியைப் பற்றி யோசித்தார்.

என் பக்கத்தில் உட்காரட்டும் என்று எழுந்து சொன்னவன் நான். சரித்திரத்தில் இது இடம்பெற வேண்டும். கூடவே இதுவும் இடம்பெறட்டும்: மடுல்சீமை வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். என் பக்கத்து இருக்கை எப்போதுமே காலிதான்.

வாந்தி வந்தது. எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தார். பசறையில் பஸ் நின்றபோது, யாரும் கேட்காமலே இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து பஸ்ஸின் தரையைக் கழுவினார். அன்றைக்கு அவருக்கு லீவு. மகளின் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு கழுவினார். அந்தப் பயணத்தில்தான் அவரை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். முன் சீட்டுக்குக் கேட்காத அளவில்.

பலாங்கொடையில் தேநீர்க்கடை. கடைக்காரருக்கு எங்கள் லயத்துச் சட்டம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸில் பிளேன்டீ வந்தது. குடித்து முடித்த சடையன் அவர்கள் தன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்க இடம் தேடினார். கடைக்காரர் சிரித்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி, அதைக் கையிலிருந்து வாங்கி மற்றக் கிளாஸ்களோடு போட்டார். நம் சங்கத்தில் மூன்று பேர் அதற்குப் பிறகு தங்கள் டீயை முடிக்கவில்லை. பெயர்களை எழுதப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

கொழும்பில் முதலில் மிருகக்காட்சிசாலை. கேமராவில் பன்னிரண்டு படந்தான் எடுக்கலாம். யானைகள் முக்கால்வாசியைத் தின்றன. ஒவ்வொரு "கிளிக்"குக்கும் சடையன் அவர்கள் ராஜு அண்ணனின் கையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நமக்கு நூதனசாலையில் என்று நான் சைகை காட்டுவேன். அவருக்கு அந்த இடந்தான் வேண்டியிருந்தது. பஸ் அந்தப் பக்கமாக வந்தபோதே வெள்ளைக் கட்டடத்தையும் படிக்கட்டையும் பார்த்துவிட்டு, "இதுதாங்க தம்பி" என்றிருந்தார்.

உள்ளே ராஜாவின் சிம்மாசனம், கிரீடம், வாள். எங்கள் ஆட்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். கல் சிற்பங்கள் இருந்த பக்கத்தில் ஒரு பெரிய கல் கிடந்தது. ஓரமெல்லாம் நுட்பமான செதுக்கல். நடுவில் ஒரு துவாரம். கோயில் சாமான் என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த காவலர் ஒருவர் வந்து, அது அந்தக் காலத்து மடத்துக் கக்கூஸ் கல் என்று விளக்கினார். கன்னத்தில் போட்டவர்கள் கையைத் துடைத்தார்கள். கூட்டம் சிரித்தது. சந்தர்ப்பத்தை நான் நழுவ விடுவேனா? "இந்தாங்க, உங்க கந்தோரு" என்று சடையன் அவர்களுக்கு அலுவலகம் காட்டினேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

அவர் சிரிக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். தலையைச் சாய்த்துத் துவாரத்தைப் பார்த்தார். ராஜாவின் சிம்மாசனத்தை இப்படி யாரும் பார்க்கவில்லை.

"வாட்டம் பாத்து வெட்டியிருக்கான். ஒரு சொம்பு ஊத்துனா தன்னால ஓடிரும். நம்ம லயத்துல கட்டுனவனுக்கு இது தெரியல."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். தொடக்கூடாது என்றார் காவலர், மரியாதையாகத்தான். சடையன் அவர்கள் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அப்ப, இத கழுவுனவனத் தொடக்கூடாதுன்னு வச்சிருப்பாங்க. இப்ப கல்லயே தொடக்கூடாதுங்கறாங்க. கல்லுக்கு வந்த கவுரவத்தப் பாருங்க தம்பி."

எங்கள் தோட்டத்துப் பேச்சாளர்கள் எத்தனையோ மேடையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அப்போது அதையும் ஒரு பகிடி என்று எண்ணிச் சிரித்தேன்.

வெளியே வந்ததும் என் முறை. வராந்தாவில் தலையில்லாத ஒரு காவல்காரச் சிலை நின்றது. அதன் பின்னால் ஏறி, கழுத்துக்கு மேல் என் தலையை வைத்து, கண்ணை உருட்டினேன். தலையற்றவருக்குத் தலை கொடுத்ததால் அன்று முதல் என்னைத் "தலைவர்" என்கிறார்கள். ராஜு அண்ணன் எடுத்த அந்தப் படம் இன்றும் சங்கச் சுவரில் தொங்குகிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு சடையன் அவர்களைப் படிக்கட்டில் நிறுத்தியவன் நான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டவன் நான். ராஜு அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவனும் நான். கேமரா "கிளிக்" என்றது. எங்கள் தோட்டத்தில் ஒரு வாசற்கூட்டியைக் கொழும்பில் படம் பிடிக்க வைத்தவன் நான் ஒருவன்தான் என்று வெகுநாள் சொல்லித் திரிந்தேன்.

ஊருக்கு வந்ததும் மகளுக்குக் கடிதம். நான் எழுதினேன்: படம் எடுத்தாயிற்று, வந்ததும் அனுப்புகிறேன். பிறகு ஒவ்வொரு வாரமும் படிக்குக் கீழே வந்து நிற்பார். படம் கழுவக் கொடுத்திருக்கிறது என்பேன். மூன்றாம் மாதம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"நான் ஒத்த ஆளு ஒரு நாளைக்கு எத்தன கழுவுறேன். ஒரு படத்தக் கழுவ அவங்களுக்கு இத்தன நாளா தம்பி?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று சிரித்திருக்கிறார். அது இப்போதுதான் புரிகிறது.

காய்ச்சல் வந்து இரண்டு நாள் தன் அறையில் தனியாகக் கிடந்திருக்கிறார். கக்கூஸ் நாறியதால் தெரிந்தது. நாறாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் நான்கு பேர் வந்து தூக்கினார்கள். சங்கத்திலிருந்து யாரும் போகவில்லை. நான் மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே நின்று பார்த்தேன்.

புதைத்த மறுநாள் கோத்தகிரியிலிருந்து கடிதம். வாசித்துக் காட்ட ஆளில்லாததால் நானே எனக்கு வாசித்தேன். படம் இன்னும் வரவில்லையே அப்பா, தபால்காரரைக் கண்டால் சின்னவன் ஓடிப் போய்க் கையை நீட்டுகிறான் என்று எழுதியிருக்கிறது.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். சடையன் என்ற பெயரைவிட "நான்" அதிகமாக வருகிறது. அது போகட்டும். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். தலையில்லாத சிலையோடு எடுத்த என் படத்தோடு கேமராவின் ஃபிலிம் சுருள் முடிந்துவிட்டது. அந்தக் கடைசிப் படம் அவருக்கென்று வைத்திருந்தது. அதைக் கெஞ்சி எனக்கென்று வாங்கிக்கொண்டவன் நான். இனி சடையனிடம் என்ன சொல்வது, கடை தேடிப் புதுச் சுருள் வாங்கட்டுமா என்று ராஜு அண்ணன் கேட்டார். அவர்மேல் பிழை இல்லை.

"சும்மா ஒரு அமுக்கு அமுக்குங்கண்ணே. அவருக்கு என்னா தெரியப் போவுது" என்று சொன்னேன்.

அன்றைய பகிடிகளில் அதுதான் பெரிது என்று நினைத்தேன். இரத்தினபுரி வரைக்கும் பஸ்ஸில் அதைக் காதோடு காதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சிரித்தார்.

பொன்னம்மா அக்காவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அழகான கையெழுத்து எதற்கும் உதவவில்லை. போய் வாருங்கள் மாமா. இந்தத் தடவை சத்தமாகவே சொல்கிறேன்.

கண் சிமிட்டினால் படம் கெட்டுவிடும், மூச்சும் விடக்கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். "கிளிக்" அடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நாங்கள் பஸ் பக்கம் ஓடினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால், கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கண் சிமிட்டாமல் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். போதும், மூச்சு விடுங்கள் என்று சொல்ல எனக்கு மறந்துவிட்டது.